அவசரகாலத்துக்கு மட்டும்

மனோர் பார்க், லண்டன்
9 மார்ச் 2025

தம்பி நிஷாந்தன்,

சுகம் கேட்டுத் தொடங்குகிற வழக்கத்தை இந்தமுறை விட்டுவிடுகிறேன். உன் சுகத்தை வீடியோவிலேயே வடிவாகப் பார்த்துவிட்டேன்.

தொலைபேசியில் உன்னோடு சண்டை பிடித்து வென்றவர் யாரும் இல்லை. நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீ மூன்று சொல்லிவிடுவாய். பிறகு உன் மனைவி யசோதினியிடம் போனைக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று நழுவிவிடுவாய். அதனால்தான் உன் இலக்கத்தைத் தடுத்துவைத்துவிட்டு முத்திரை ஒட்டி எழுதுகிறேன். கடிதத்தை இடையில் மறிக்க உன்னால் முடியாது.

சென்ற செவ்வாய்க்கிழமை சேர்ச் றோட் முருகன் கோயில் வாசலில் கிருஷ்ணராசா அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, உம்மடை தம்பி அமெரிக்காவிலை சட்டசபைக் குழுவுக்கு முன்னாலை பேசினதைப் பாத்தனீரோ? கோட்டும் சூட்டும், அந்த இங்கிலிஷும்! எங்களுக்கெல்லாம் பெருமை பாரும்" என்றார். வீடியோவை அனுப்பியும் விட்டார். பஸ் தரிப்பில் நின்று ஒருமுறை பார்த்தேன். ஒரு சொல்லும் தப்பக்கூடாது என்று, வீட்டுக்கு வந்து மகள் மேனுஷாவை இருத்திவைத்து இன்னொருமுறை பார்த்தேன்.

மின் நிலையத்தின் பொறியியலாளர் என்று உன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாய். அதுவரை சரி. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: என் வீட்டில் என் மூத்த சகோதரி ஒட்சிசன் மெசினில் உயிர் வாழ்கிறார். மின்சாரம் நின்றால் அவருடைய மூச்சும் நின்றுவிடும். அப்படிப்பட்ட நேரத்தில், எங்கோ தலைநகரில் இருந்து எழுதிய புகை விதியைக் காட்டி எங்கள் கைகளைக் கட்டாதீர்கள் என்று. குழுவில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கண்ணைத் துடைத்தாள்.

மேனுஷா எனக்கு விளங்கப்படுத்தினாள். ஒரு புகைபோக்கி எவ்வளவு கக்கலாம் என்று அங்கே மத்திய அரசு ஓர் எல்லை போட்டிருக்கிறதாம். மின்சாரத்துக்கு அவசரகாலம் என்று உங்கள் மாநிலம் அறிவித்துவிட்டால், அந்த எல்லையை மீறினாலும் கேட்க அங்கே ஆள் இருக்கக்கூடாதாம். அதற்குத்தான் சட்டமாம். "அவசரகாலத்துக்கு மட்டும்" என்று நீயும் திரும்பத் திரும்பச் சொன்னாய்.

சட்டம் கிடக்கட்டும். அக்கா ஒட்சிசனில் இருக்கிறாளா?

வெள்ளிக்கிழமை வழக்கம்போல வீடியோவில் அழைத்தேன். நேரே கேட்க மனம் வரவில்லை. போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து அவளுடைய மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குழாயும் இல்லை. பொட்டு, கண்ணாடி, நான் ஈஸ்ட் ஹாமில் வாங்கிக்கொடுத்த அதே மண்ணிறக் கம்பளிச் சட்டை. கொஞ்சம் களைத்திருந்தாள். "சுகமோ அக்கா?" என்று கேட்டேன். "எனக்கென்ன குறை? நல்ல சுகம். நீ சொல்லு" என்றாள். நான் மாமியாரின் புதினமெல்லாம் சொன்னேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகவே நீ பொய் சொல்லியிருக்கிறாய். உன் கம்பனிக்கு ஒரு சட்டம் வேண்டும் என்பதற்காக, நல்ல சுகத்தோடு இருக்கிற பெரியக்காவுக்கு ஒரு நோய் வருத்தத்தைக் கொடுத்திருக்கிறாய். அதுவும் விசா முடிந்து இருக்கிறவளை, தனியே கடைக்குக்கூடப் போகாதே என்று நாங்கள் சொல்லி வைத்திருப்பவளை, ஒரு மாநிலத்துக்கே அறிமுகப்படுத்திவிட்டாய். கம்பனி உனக்கு என்ன தந்தது? அதை மட்டும் எழுது.

குமுதினி

*

கொட்டன் பெண்ட், ஐக்கிய அமெரிக்கா
22 மார்ச் 2025

சின்னக்கா,

கம்பனி எனக்குக் கோட்டோடு கட்ட ஒரு கழுத்துப்பட்டி தந்தது. பேசி முடிந்ததும் அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நான் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவர் பெரியக்கா. அதுவும் உங்களுக்கு மட்டும்.

வெள்ளிக்கிழமைகளில் இந்த வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன், கேளுங்கள். நீங்கள் அழைப்பதற்கு முன்பே பெரியக்கா தலை இழுத்து வாரி, பொட்டு வைத்து ஆயத்தமாகிவிடுவார். மெசின் இரைகிற சத்தம் உங்களுக்குக் கேட்டுவிடும் என்று, என் பிள்ளைகள் இரண்டு பேரையும் விட்டு அதை உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் தள்ளுவிப்பார். கடைசியாக மூக்குக் குழாயைக் கழற்றித் தலையணைக்குக் கீழே வைப்பார். குழாய் அழுத்திய தடம் கன்னத்தில் தெரியாமல் பவுடர் போடுவார். பிறகு சிரித்த முகத்தோடு உங்களுக்கு முன்னால் வந்து இருப்பார். நீங்கள் உங்கள் மாமியாரைப் பற்றிக் கதைப்பீர்கள்.

அவர் ஏன் எப்போதும் "நீ சொல்லு, நீ சொல்லு" என்கிறார் என்று நீங்கள் யோசித்ததே இல்லையா? அவருக்குக் கதைக்க மூச்சு இல்லை. நீங்கள் போனை வைத்ததும் கட்டிலில் சரிந்துவிடுவார். யசோதினி ஓடிப்போய்க் குழாயைப் பூட்டுவாள். முகத்தில் நிறம் திரும்பி வரப் பொழுதுபட்டுவிடும். அன்றைக்கு நீங்கள் கூர்ந்து பார்த்தபடி நெடுநேரம் கதைத்தீர்களே, அடுத்த நாள் முழுவதும் அவர் எழும்பவில்லை.

நான் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "அவளுக்குச் சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்திடுவாள். மாமியோடை படுறபாடு அவளுக்குப் போதும்" என்கிறார். பிள்ளைகளின் தலையில் கைவைக்கச் சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது முறிக்கிறேன்.

ஏன் பேசினேன் என்று கேட்கிறீர்கள். இரண்டு மாரிக்கு முன் இங்கே உறைபனி கொட்டி ஊர் முழுக்க மின்சாரம் போனபோது, நீங்கள் லண்டனில் ஹீட்டரைப் போட்டுவிட்டு இருந்தீர்கள். நான் பெரியக்காவைக் காருக்குள் இருத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கார் பற்றரியில் மெசினைப் பூட்டி வைத்திருந்தேன். பெற்றோல் முள் இறங்குவதைப் பார்ப்பேன். பிறகு அவருடைய நகத்தைப் பார்ப்பேன். நீலமாகியிருந்தது. அதைக் கண்டவன் பேசாமல் என்ன செய்வான்?

வருத்தம் எதனால் என்று கேட்பீர்கள். அகதி முகாமில் ஊதி ஊதி எரித்த அடுப்பும், வெள்ளிக்கிழமை தவறாமல் போடுகிற சாம்பிராணியும் காரணமாக இருக்கலாம் என்று டொக்டர் சொன்னார்.

அக்காவை இங்கே அனுப்பியது யார் என்பதையும் மறக்க வேண்டாம். "என்ரை பிள்ளையள் வளந்திட்டுதுகள், அக்கா இஞ்சை சும்மாதானே இருக்கிறா" என்று சொன்னது உங்கள் வாய். அவர் விமானம் ஏறிய மாதமே அவருடைய அறைக்கு வாடகைக்கு ஆள் வைத்ததும் நீங்கள்தான்.

உங்களுக்குத் தெரியும் என்று அவரிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். உடைந்துபோவார். வெள்ளிக்கிழமைப் பேச்சைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

நிஷாந்தன்

*

மனோர் பார்க்
5 ஏப்ரல் 2025

தம்பி,

உன் கடிதத்தைக் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு வாசித்தேன். இந்த வீட்டில் அழுவதற்கு வேறு இடம் இல்லை.

வேலையில் ஷிப்ட் மாறிவிட்டது என்று அக்காவுக்குச் சொல்லியிருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் போனை வைத்துவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை அவள், "இப்ப நீ என்னோடை கனக்கக் கதைக்கிறேல்லை. கோவமோ?" என்று கேட்டாள்.  கோபம் உன்னிலே என்று சொல்ல முடியுமா?

சாம்பிராணியாம். என் வீட்டில் அவள் இருந்த காலம் முழுவதும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டவள்தான். புகை அலாரம் கத்தும். உன் அத்தான் தவராசா பேப்பரால் விசிறிக்கொண்டு நின்று திட்டுவார். அக்கா சிரிப்பாள். ஆர்ச்வே ஸ்டேஷனில் இறங்கி, ஹைகேட் முருகன் கோயிலுக்கு அந்த ஏற்றம் முழுக்க ஒரு மூச்சில் ஏறுவாள். நான்தான் நடுவில் நின்று இளைப்பேன். "உனக்கு வயசு போயிட்டுது, எனக்கில்லை" என்று மேலே நின்று பகிடி பண்ணுவாள். அந்த நுரையீரலோடுதான் உன்னிடம் வந்தாள். நீ திருப்பித் தருவது எதை?

நீ வீடு குடிபுகுந்த அன்று அனுப்பிய வீடியோவை மேனுஷா தேடி எடுத்துத் தந்தாள். சமையலறை யன்னலைத் திறந்து, "அந்தா தெரியுது பாருங்கோ சின்னக்கா, அதுதான் என்ரை சிமினி" என்று காட்டினாய். என்ன பெருமை உனக்கு! வேலைக்கு நடந்தே போகலாம் என்று சொன்னாய். புகையும் நடந்தே வரும் என்று உனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த உறைபனியில் மின்சாரம் ஏன் போனது? வாயுக் குழாய் உறைந்துவிட்டது என்று அப்போது நீயே சொன்னாய். புகை விதி வந்தா குழாயை உறைய வைத்தது? குழாய்க்குப் போர்வை சுற்றாத கம்பனி, அக்காவை எடுத்துப் போர்த்துக்கொண்டு சபைக்குப் போயிருக்கிறது. நீ அவளைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாய்.

அக்காவை இங்கே அனுப்பிவிடு. அவள் இந்த நாட்டுப் பிரஜை. ஆஸ்பத்திரிக்கு ஒரு சதம் தேவையில்லை. அறையில் இருந்த பெடியனை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டேன். சுவருக்கு வெள்ளையும் அடித்தாயிற்று.

குமுதினி

*

கொட்டன் பெண்ட்
12 ஜூலை 2025

சின்னக்கா,

பதில் எழுதப் பிந்திவிட்டது. இதை நிலையத்து உணவறையில் இருந்து எழுதுகிறேன். சட்டம் போன மாதம் கையெழுத்தானது. இரண்டு கிழமைக்குள் வெயில் கொளுத்தத் தொடங்கிவிட்டது. ஆளுநர் அவசரகாலம் அறிவித்தார். பிறகு அதை நீட்டித்தார். மூடிவைத்திருந்த பழைய நிலக்கரி உலையையும் எழுப்பி ஓட்டுகிறோம். புகை வடிகட்டிக்கே நிறைய மின்சாரம் போய்விடும் என்பதால் அதை நிறுத்தி வைத்திருக்கிறோம். சட்டம் அனுமதிக்கிறது.

இவ்வளவு வெயிலிலும் இந்த ஊரில் ஒரு விளக்கு அணையவில்லை. பெரியக்காவின் மெசின் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நான் சபையில் சொன்னதைச் செய்துகாட்டியிருக்கிறேன்.

குழாய் உறைந்தது உண்மைதான். அன்றைக்குக் குழாய், இன்றைக்கு வெயில், நாளைக்கு வேறொன்று. ஏதோ ஒன்று விழும்போது மற்றதை முழு வேகத்தில் ஓட்டத்தான் வேண்டும். அந்த நேரத்தில் தலைநகருக்குக் கடிதம் போட்டு, அனுமதி வரும் வரைக்கும் காத்திருக்க ஏலுமா? மத்தியில் இருப்பவன் மாநிலத்தின் கழுத்தைப் பிடிப்பது என்றால் என்ன என்று எங்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? அப்பா சாகும் வரைக்கும் சமஷ்டி, சமஷ்டி, கூட்டாட்சி வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தவர். எங்கள் வீட்டு விளக்கை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றுதானே அவரும் கேட்டார்? நானும் அதைத்தான் கேட்டேன்.

உங்களுக்கும் காற்றில் இவ்வளவு அக்கறை எப்போது வந்தது? பழைய டீசல் வாகனங்களுக்கு லண்டனில் கட்டணம் வந்து அத்தானின் வானை விற்கவேண்டி வந்தபோது, மேயரில் இருந்து கவுன்சில் வரைக்கும் திட்டித் தீர்த்தவர் நீங்கள். நோர்த் சேர்க்குலர் வீதியின் இரைச்சல் கேட்கிற வீட்டில் இருந்துகொண்டு எனக்குப் புகையைப் பற்றிப் பாடம் எடுக்கிறீர்கள்.

பெரியக்கா வரமாட்டார். விசா முடிந்தவர் இங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். பிள்ளைகளை இனிக் காண முடியாது என்று அவருக்குத் தெரியும். நான் மறிக்கவில்லை. அவரே வேண்டாம் என்கிறார்.

உடுப்பு விஷயத்தில்தான் அவரோடு பெரிய கரைச்சல். யசோதினி காயவைக்கிற மெசின் வாங்கி வைத்திருக்கிறாள். பெரியக்கா அதைத் தொடமாட்டார். "வெய்யில் படாத உடுப்பும் ஒரு உடுப்போ?" என்று பிள்ளைகளின் சட்டைகளைக் கொண்டுபோய் வெளியே கொடியில் போடுகிறார். எடுக்கும்போது அவை சாம்பல் நிறமாக இருக்கின்றன. மறுபடி தோய்க்கிறார். மறுபடி கொடியில் போடுகிறார். குழாயைக் கழற்றிவிட்டுத்தான் வெளியே போகிறார், அது கதவு வரைக்கும்தான் எட்டும். போகவேண்டாம் என்றால் கேட்பதில்லை. போன கிழமை டொக்டர் மெசினின் அளவைக் கூட்டியிருக்கிறார்.

இதை ஏன் உங்களுக்கு எழுதினேன் என்று தெரியவில்லை. வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். பேனையால் எழுதியது, வெட்டினாலும் தெரியும்.

இப்போதைக்கு வர வேண்டாம். அவசரகாலம் முடியும் வரைக்கும் எனக்கு லீவு இல்லை.

நிஷாந்தன்

*

மனோர் பார்க்
21 ஜூலை 2025

தம்பி,

அப்பாவை இதற்குள் இழுக்காதே. அவர் சமஷ்டி கேட்டது மனிதர் மூச்சு விடுவதற்கு. புகைபோக்கி மூச்சு விடுவதற்கு அல்ல.

அவசரகாலச் சட்டம் என்றால் என்ன என்று எனக்கா விளங்கப்படுத்துகிறாய்? அது எங்கள் நாட்டில் மாதாமாதம் பாராளுமன்றத்தில் நீண்டு நீண்டு எங்கள் இளமையைத் தின்றது. ஒவ்வொரு மாதமும் இந்த ஒரு மாதத்துக்கு மட்டும் என்றுதான் சொன்னார்கள். நீ பிறந்தபோது இருந்தது, நீ நாட்டை விட்டு ஓடியபோதும் இருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டால் கட்டிலுக்குக் கீழே ஒளித்த பிள்ளை நீ. இப்போது கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போய் அதையே கேட்டு வாங்கியிருக்கிறாய்.

வான் விஷயம் உண்மை. திட்டினேன். அன்றைக்கு எனக்கு வான்தான் தெரிந்தது. இன்றைக்கு அக்கா தெரிகிறாள். உனக்கு இரண்டும் தெரிந்தும் இப்படி எழுதுகிறாய்.

அக்காவையும் நாங்கள் அப்படித்தானே நடத்தினோம்? மேனுஷா பிறந்தபோது "கொஞ்ச நாளைக்கு வா அக்கா" என்றேன். அந்தக் கொஞ்ச நாளில் அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. உனக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது "கொஞ்ச நாளைக்கு அனுப்புங்கோ" என்றாய். அனுப்பினேன். ஒவ்வொரு வீட்டின் அவசரத்துக்கும் அவளை எடுத்தோம். அவசரம் முடிந்துவிட்டது, இனி உன்பாட்டில் இரு என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. கலியாணம் பேச வந்தவர்களைக்கூட "பிள்ளை கொஞ்சம் வளரட்டும்" என்று நான்தான் திருப்பி அனுப்பினேன் என்பது உனக்குத் தெரியும். அதை நீ எழுதாமல் விட்டது ஏன் என்றும் எனக்குத் தெரியும். அடுத்த சண்டைக்கு வைத்திருக்கிறாய்.

நான் வருகிறேன். டிக்கற் எடுத்துவிட்டேன். பற்றரியில் ஓடுகிற சிறிய ஒட்சிசன் பெட்டியை விமானத்துக்குள் கொண்டுபோகலாமாம். மேனுஷா எல்லாம் ஒழுங்குபண்ணியிருக்கிறாள். அக்காவிடம் உன் சத்தியத்தை நீ முறித்துவிட்டாய் என்று சொல்லப்போவதில்லை. நான் நேரில் வந்து கண்டதாக இருக்கட்டும்.

அவள் வேண்டாம் என்றால் அவளுடைய காலில் விழுவேன். உன்னுடைய லீவு எனக்குத் தேவையில்லை.

குமுதினி

*

கொட்டன் பெண்ட்
2 செப்டம்பர் 2025

சின்னக்கா,

நீங்கள் என் வீட்டில் இருந்த நாட்களில் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வந்த அன்றைக்கே சமையலறை யன்னல் கட்டையை விரலால் துடைத்து, பிள்ளைகளுக்கு முன்னால் அந்தக் கறுத்த விரலை எனக்கு நீட்டிக் காட்டினீர்கள். அவ்வளவுதான். நீங்கள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். 

விமான நிலையத்துக்கு வராததற்குக் காரணம் ஷிப்ட் அல்ல. லீவு கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். பெரியக்கா பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுவதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இருக்கவில்லை. வாசலில் வைத்து என் தலையைத் தடவி, "நீ வேலைக்குப் போ ராசா, ஆக்கள் கரண்டில்லாமல் இருக்கப்போகினம்" என்று சொல்லிவிட்டுப் போனார். குத்திக்காட்டவில்லை. அவர் உண்மையாகவே அதைத்தான் நினைத்தார். அதுதான் என்னைத் தின்கிறது.

மெசின் இன்னும் அவருடைய அறையில்தான் நிற்கிறது. வெள்ளிக்கிழமை வந்ததும் பிள்ளைகள் இரண்டும் பழக்கத்தில் போய் அதைத் தள்ளப் பார்க்கிறார்கள்.

வெயில் தணிந்துவிட்டது. ஆனால் அவசரகாலத்தை நீட்டித்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய பெரிய பெரிய கொம்பியூட்டர் தரவுக் களஞ்சியங்களுக்கு மின்சாரம் போதவில்லையாம். அதுவும் அவசரம்தானாம். அந்த அறிவித்தலை வாசித்தபோது உங்கள் கடிதத்தில் இருந்த "நீண்டு நீண்டு" என்ற சொல் ஞாபகத்துக்கு வந்தது. இதை எழுதுவது எனக்குச் சுலபமில்லை.

இன்னொரு விஷயம். சட்டத்தைக் காலவரையறை இல்லாமல் ஆக்கப் போகிறார்கள். குழு மறுபடி கூடுகிறது. என்னைத் திரும்பவும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். போன தடவை சகோதரியைப் பற்றிச் சொன்னீர்களே, அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று இரண்டு வசனம் சொன்னால் போதுமாம்.

போகாமல் விட நினைத்தேன். ஆனால் மூன்று வெள்ளிக்கிழமையாகப் பெரியக்காவோடு வீடியோவில் கதைக்கிறேன். எவ்வளவு தெளிந்திருக்கிறார்! மூக்கில் குழாய் இல்லை. முகத்தில் ஒரு வெளிச்சம். பின்னால் மெசின் சத்தமும் இல்லை. பிள்ளைகள் பாடிக்காட்டினார்கள், இருந்து முழுவதையும் கேட்டார். யசோதினியும் பார்த்துவிட்டு, "மச்சாளுக்கு லண்டன் நல்லா ஒத்துக்கொண்டிட்டுது" என்றாள். அவருக்கு உண்மையாகவே சுகம் வந்துவிட்டது என்றால், நான் செய்தது அவ்வளவு பெரிய பாவம் இல்லைத்தானே? மின்சாரம் அவரைக் காப்பாற்றி உங்கள் கையில் தந்தது என்று நான் சபையில் சொல்லலாம்தானே?

சின்னக்கா, அவர் தேறிவிட்டார் என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். எனக்கு அது போதும்.

நிஷாந்தன்

*

மனோர் பார்க்
14 செப்டம்பர் 2025

தம்பி,

அந்த ஒரு வரியை எழுதப் பேனையை எடுத்தேன். கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் படம் எடுத்துப் பார்த்தார். போன நுரையீரல் போனதுதான், இருப்பதைப் பிடித்து வைத்திருக்கப் பார்ப்போம் என்றார். எதனால் என்று கேட்டேன். ஒன்றை மட்டும் காட்டிச் சொல்ல முடியாது, ஆனால் கடைசி மாதங்களில் வேகமாகப் போயிருக்கிறது என்றார். பக்கத்தில் இருந்த அக்கா என்னிடம் கேட்டது, "இதைத் தம்பிக்கு எழுதமாட்டாய்தானே?" என்பதுதான். எழுதுகிறேன்.

மெசின் முன்னறையில் நிற்கிறது. பகலும் இரவும் குழாய் அவளுடைய மூக்கில்தான். யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருக்கிறாள். சந்தி வரைக்கும்கூட நடக்க ஏலாது. அன்றைக்குத் தானாகவே ஆர்ச்வே ஏற்றத்தைப் பற்றி ஞாபகப்படுத்திச் சிரித்தாள். சிரித்ததற்கு மூச்சு வாங்கியது.

நீ என்ன கண்டாய் என்று கேள். வெள்ளிக்கிழமை நீ அழைப்பதற்கு முன் அவள் தலை இழுத்து, பொட்டு வைத்து ஆயத்தமாகிவிடுகிறாள். உன் அத்தானை விட்டு மெசினைச் சமையலறைக்குள் தள்ளுவிக்கிறாள். குழாயைக் கழற்றுகிறாள். தடம் தெரியாமல் பவுடர் போடுகிறாள். அந்த முகத்தைத்தான் நீ வெளிச்சம் என்கிறாய். பிள்ளைகள் பாடி முடிக்கும் வரைக்கும் நான் கதவுக்குப் பின்னால் குழாயும் கையுமாக நிற்கிறேன். நீ போனை வைத்த பிறகு அவள் எப்படிச் சரிகிறாள் என்று நான் உனக்கு எழுதத் தேவையில்லை. அதை எனக்கு முதலில் எழுதியவன் நீ.

நான் ஏமாந்தது பரவாயில்லை, எனக்குத் தெரியாது. உனக்கு எல்லாம் தெரியும். தலையணைக்குக் கீழே குழாய் இருப்பதைக் கண்ணால் கண்டவன் நீ. இருந்தும் நம்பினாய். நம்பினால் சபைக்குப் போகலாம் என்பதால் நம்பினாய்.

உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதலாம். அவள் விடமாட்டாள். குழாயோடு கதை அக்கா, அவனுக்குத் தெரிந்ததுதானே என்று அவளிடம் சண்டை பிடித்தேன். "கண்ணாலை கண்டா வேலையிலை நிக்கமாட்டான். ரெண்டு பிள்ளையள் இருக்குதுகள். அவன் எனக்காகத்தானே போய்ப் பேசினவன்" என்கிறாள். உன்னை இன்னும் நம்புகிற ஒரே ஆள் அவள்தான். மூச்சு இல்லாததும் அவளுக்குத்தான்.

குழுவுக்கு முன்னால் என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதே. அது உன் நாக்கு. ஆனால் அக்காவின் பேரை எடுப்பதென்றால் முழுவதையும் சொல்லு. மெசின் நிற்கவே இல்லை, அவள்தான் நின்றுபோய்க்கொண்டிருக்கிறாள் என்று சொல்லு. அதைச் சொல்ல முடியாதென்றால் அவளை விட்டுவிட்டுப் பேசு.

எனக்கு உன்னிடம் வேண்டியது வேறு ஒன்றுதான். போனில் அழைப்பதை நிறுத்திவிட்டு எழுது. பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள், பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை பிடித்தார்கள் என்று எழுது. அவர்கள் கீறிய படங்களையும் வைத்து அனுப்பு. வந்த அன்றே அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்துக்காட்டுவேன். கடிதம் வாசிக்கும்போது அவள் குழாயைக் கழற்றுவதில்லை. யாரும் அவளைப் பார்ப்பதில்லை என்பதால், முழுவதையும் மூச்சோடு இருந்து கேட்கிறாள்.

ஏன் அழைக்கவில்லை என்று கேட்பாள். உனக்கு ஷிப்ட் மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை அழைக்காதே, தம்பி.

குமுதினி